பெண்களுக்கான களஆய்வு: நிதி கேட்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்களுக்கு என்ன தேவை என்று வீடுவீடாகக் கேட்டு, அதை வைத்துத்தான் நிதி கேட்கிறோம். போன வாரம், இந்த ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்கள் நிரப்பிக் கொண்டுவந்த படிவங்களைப் புரட்டினேன். 'பள்ளிப் படிப்பை நிறுத்தியது ஏன்?' என்ற கேள்விக்கு நேரே பக்கத்துக்குப் பக்கம் ஒரே பதில்: 'விருப்பமில்லை.' பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் எழுதிக்கொண்டு வந்தேன். கணக்குப் பிழை, விடுபட்ட கேள்வி எல்லாம் யார் பார்த்தாலும் கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன். எளிதில் கண்ணில் படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பக்கத்தில் ஆள் இருக்கும்போது கேட்பது

என் முதல் ஆய்வில் வீட்டு வாசலில் வைத்தே கேட்டேன். அப்பா நாற்காலியில், அம்மா கதவோரம், நடுவில் அந்தப் பெண். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் கண் முதலில் அப்பாவிடம் போகும், அப்புறம்தான் பதில் வரும். அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். எல்லாப் படிவங்களையும் கூட்டி, 'படிப்பில் ஆர்வமில்லை' என்று முடிவுகட்டி, ஊக்கமூட்டும் வகுப்புகளுக்கு நிதி கேட்டோம். கிடைத்தது. வகுப்புக்குத்தான் யாரும் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அவளைத் தனியாகப் பார்த்தேன். தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நான் போயிட்டா இவனை யாரு பாத்துக்குவாங்க?" என்றாள். வகுப்புக்குச் செலவழித்த பணத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தியிருக்கலாம். இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

பதில் தப்பாவதோடு இது நிற்காது. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் இப்படிக் கேட்டால், நாம் கிளம்பிய பிறகு அவளுக்கு இன்னொரு அடி விழலாம். குடும்ப வன்முறை ஆய்வுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதில் கறாரானவை: தனியிடத்தில் கேட்க வேண்டும், ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும், வன்முறை பற்றிய ஆய்வு என்று வெளியில் தெரியக் கூடாது. யாராவது உள்ளே வந்தால் சட்டென்று பேச்சை மாற்ற வேண்டும். அதற்கென்றே பொதுவான உடல்நலக் கேள்விகள் கொண்ட இன்னொரு படிவத்தைக் கையில் வைத்திருப்பேன்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கட்டும். ஆள் செலவு கூடும். நிதி விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதிக் கேளுங்கள்.

'சும்மாதான் இருக்கேன்' என்பதை அப்படியே எழுதுவது

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், வீட்டு வேலை செய்யும் பெண்ணும் இப்படிச் சொல்லிவிடலாம். அதனால் நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாகக் கேளுங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் போகும் நேரத்தை ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 5.4.1 என்ற எண் கொண்ட குறிகாட்டி அளக்கிறது. அதே முறையில் கணக்குக் காட்டினால் நிதி கொடுப்பவர்களுக்கும் விளங்கும்.

குடும்ப வருமானத்தைப் பெண்ணின் வருமானமாகக் காட்டுவது

கூடவே கூடாது.

சிறுமிகளுக்குப் பெற்றோர் சம்மதம் போதும் என்று நினைப்பது

போதாது. அவளும் சரி சொல்ல வேண்டும்.

உதவிக்கு வழி தெரியாமல் போவது

ஒரு பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்ன பிறகு, அவளை யாரிடம் அனுப்புவது என்று தேடக் கூடாது. ஆலோசகர், மருத்துவர், சட்ட உதவி யார் யார் என்பதை முன்பே பேசி வையுங்கள். அதற்கான செலவும் திட்டத்தில் இருக்கட்டும்.

முடிவை நிதி கொடுப்பவரிடம் மட்டும் சொல்வது

ஒருமுறை நாங்கள் வரைந்த தெரு வரைபடத்தைப் பெண்கள் கூட்டத்தில் விரித்தோம். விளக்கு தேவை என்று நாங்கள் புள்ளி வைத்திருந்த பாதையை ஒரு பெண் விரலால் மறைத்தாள். "இருட்டினா இந்தப் பக்கம் நாங்க வரவே மாட்டோம். பின்னாடி வழியாத்தான் போவோம்." அன்றைக்கே விண்ணப்பத்தைத் திருத்தி, பின்வழிக்கு விளக்கு கேட்டோம்.