சாவி உள்ளே, நீங்கள் வெளியே: ஸ்மார்ட் கீ கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் எனக்கு விடிகாலைத் தூக்கம் கிடையாது. கார் சாவி, சென்டர் லாக் வேலைதான் என் பிழைப்பு. காங்கேயம், சென்னிமலை, ஊத்துக்குளி வட்டாரத்தில் எந்த மண்டபத்து வாசலில் கார் பூட்டிக்கொண்டாலும் என் எண் யாராவது ஒருவரிடம் இருக்கும். "ஏனுங்க அண்ணா, சாவி உள்ளே இருக்கிறதுங்க, கதவு பூட்டிக்கொண்டதுங்க" என்று ஆரம்பிப்பார்கள். சாவியைச் செருகாமல், பையில் வைத்தபடியே பட்டனை அழுத்தித் திறந்து ஓட்டும் ஸ்மார்ட் கீ கார்கள், அதாவது பட்டன் ஸ்டார்ட் கார்கள், இந்தப் பக்கம் புதிதாக வந்தபோது மெக்கானிக்குகளான நாங்களே செய்த பிழைகளை, இன்று முதல் கார் வாங்கும் பிள்ளைகள் வரிசை மாறாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். கதவைச் சரியாகச் சாத்தாமல் பூட்டப் பார்ப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றைக் கார் தானே கத்திச் சொல்லிவிடும். கார் சொல்லாதவற்றைச் சொல்கிறேன்.

சாவியை டிக்கிக்குள் வைத்துவிட்டுச் சாமான் ஏற்றுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணம், இது அறியாமையால் நடப்பதில்லை. "இந்தக் கார் சாவியை உள்ளே வைத்துப் பூட்டவே பூட்டாதுங்க, ஷோரூமில் சொன்னார்கள்" என்ற அரைகுறை அறிவால் நடக்கிறது.

ஷோரூமில் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. காரின் கதவு ஹேண்டில்களிலும், கேபினுக்குள்ளும், பின்பக்கத்திலும் சிறு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஹேண்டில் பட்டனை அழுத்தியதும் அவை, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், சாவி எங்கே இருக்கிறது என்று கேட்கும். சாவி அதைக் கேட்டு 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பதில் சொல்லும். பதில் பல மீட்டர் தூரம் போகும். கேள்வியோ ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் எட்டும். அது காந்தப்புலமாகப் பரவுவதால், தூரம் இரட்டித்தால் வலு எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். நடுவில் பித்தளையோ எவர்சில்வரோ இருந்தால், அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, மிச்சமிருக்கும் வலுவையும் விழுங்கிவிடும். சாவி காரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். காரோ அது எங்கும் இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

இப்போது ஒரு சீர்வரிசைக் காரை நினைத்துப் பாருங்கள். பித்தளைக் குடம், அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு, எவர்சில்வர் தூக்குப்போசி. காரின் கேள்வி சாவியின் காதில் விழாமல் இருக்க இதைவிடத் தோதான இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

காங்கேயத்தில் ஒரு கல்யாணம். தாராபுரத்திலிருந்து பெண்ணின் தாய்மாமன் புதுக் காரில் வந்திருந்தார். வேட்டி கட்டியிருந்தவர், சாவியைத் தாம்பூலப் பையில் போட்டு, அந்தப் பையைச் சீர்த்தட்டுகளுக்கு நடுவில் செருகியிருக்கிறார். நான்கு கதவுகளும் பூட்டியபடியே இருக்க, டிக்கியை மட்டும் திறந்து சாமான்களை மாற்றி அடுக்கிவிட்டு, "டப்" என்று சாத்தினார். கதவுகள் பூட்டிய நிலையில் டிக்கியை மட்டும் திறந்து மூடினால், பல கார்களில் டிக்கியும் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே இருப்பது காருக்குத் தெரிந்திருந்தால் பீப் ஒலி எழுப்பியிருக்கும், அல்லது டிக்கி மறுபடி திறந்திருக்கும். தெரியவில்லை. கூறைச் சேலை உள்ளே. மாங்கல்யமும் உள்ளே. மணவறையில், கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் காத்திருக்கிறார்.

எனக்குத் தகவல் வந்தபோது நான் சென்னிமலைச் சாலையில்தான் இருந்தேன். கால் மணி நேரம் பொறுங்கள் என்றேன். வந்து சேர்வதற்குள், மாப்பிள்ளை வீட்டு இளைஞர் ஒருவர் கருங்கல்லால் பின்கண்ணாடியை உடைத்துவிட்டார். அதுவும் எந்தக் கண்ணாடியை? பனி நீக்கும் மின்கம்பிகள் பதித்த பெரிய பின்கண்ணாடியை. சீர்த்தட்டு முழுக்கக் கண்ணாடித் துகள். வாழைப்பழத்தில், வெற்றிலையில், சேலை மடிப்பில் எல்லாம். முகூர்த்தம் தப்பவில்லை, அந்த வகையில் அவர் செய்ததைக் குறை சொல்ல முடியாது என்று பலரும் சொன்னார்கள். நான் சொல்வேன். அந்த மாமாவின் கைப்பேசியிலேயே காரின் ஆப் இருந்தது. கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் வசதி அதில் உண்டு. வாங்கிய நாளில் ஷோரூம் பையன் பதிந்து கொடுத்ததோடு சரி, அவர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. கடவுச்சொல்லும் நினைவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். சாமான் ஏற்றும்போது சாவி உடம்பில் இருக்க வேண்டும். பையில், தட்டில், கார் கூரைமேல், "ஒரு நிமிடம்தானே" என்று பக்கத்துப் பெட்டிமேல், எங்கும் கூடாது. வேட்டி கட்டுபவர்கள் நம் ஊர் அகல பெல்ட்டின் பையில் போட்டு மூடுங்கள். சட்டைப்பை வேண்டாம், குனியும்போது விழுந்துவிடும். கீழ்பவானி வாய்க்காலுக்குள் சாவி போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். டிக்கியை மட்டும் திறக்காமல், ஓட்டுநர் கதவையும் திறந்து அப்படியே விட்டுவிட்டுச் சாமான் ஏற்றுவது இன்னும் நல்லது. கதவு திறந்திருக்கும்வரை கார் உங்களை வெளியே தள்ளிப் பூட்டாது. உங்கள் காரில் ஆப் இருந்தால், இன்றைக்கே வீட்டு வாசலில் நின்று ஒருமுறை அதில் கதவைத் திறந்து பாருங்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் இன்னொரு வழியும் இருக்கிறது. ரிமோட்டில் திறந்துவிட்டு எந்தக் கதவையும் திறக்காமல் பேசிக்கொண்டு நின்றால், பல கார்கள் ஏறத்தாழ அரை நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்கான ஏற்பாடுதான். தெரியாதவர்களுக்குப் பேய் பூட்டியதுபோல் இருக்கும்.

இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் போடுவது

ஏன் இப்படி என்று கேட்டால், "தொலையாமல் இருக்கட்டும் என்றுதான்" என்கிறார்கள். தொலைந்தால் சேர்ந்தே தொலையும். ஒரு சாவியாவது கையில் இருந்தால், அதை வைத்துக் காரின் கணினியில் இன்னொன்றைப் பதிவது சாதாரண வேலை. இரண்டும் போய்விட்டால் காரை இழுத்துச் செல்லும் வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும். சில மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். செலவு பல மடங்கு. கார் திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்டால், இரண்டு அசல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். சாவி மாற்றுச் செலவுக்கென்றே தனி ஆட்-ஆன் காப்பீடு உண்டு. ஸ்மார்ட் கீ காருக்கு அது வீண் செலவு இல்லை.

இரண்டாவது சாவியை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு, குடும்பமே ஒரே காரில் பழனிக்குப் போய்விட்டால் அதனால் என்ன பயன்? நீண்ட பயணத்தில் அது கூட வருபவரின் பையில் இருக்க வேண்டும். அந்தப் பையையும் டிக்கியில் வைக்காதீர்கள்.

குழந்தை கையில் சாவியைக் கொடுப்பது

இதில் எரிச்சல் இல்லை, பயம்தான். அழுகிற குழந்தையிடம் சாவியைக் கொடுத்து, பின் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்தி மறுபக்கம் சுற்றி வருவதற்குள் குழந்தை பூட்டு பட்டனை அழுத்திவிடும்.

2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்ததால் பெரிய மாற்றம் ஏதுமில்லை. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் சித்திரை வெயில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடும் என்பதை இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குழந்தை உள்ளே இருந்தால் என்னைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். இரண்டாவது சாவியோ ஆப்போ உடனே கைக்கு வராவிட்டால், குழந்தைக்குத் தூரமான பக்கத்துக் கதவுக் கண்ணாடியை, நடுவில் அல்ல, மூலையில் கூர்மையான ஒன்றால் அடித்து உடையுங்கள். முன்கண்ணாடியை அடித்துப் பயனில்லை. அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. விரிசல் விடுமே தவிர வழி விடாது. ஒருவர் உடைக்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஓடும் இன்ஜினை விட்டுச் சாவியோடு இறங்குவது

கணவரைக் கோவை ஜங்ஷனில் இறக்கிவிட்டு, மனைவி ஓட்டுநர் இருக்கைக்கு மாறி வீட்டுக்குத் திரும்புகிறார். சாவி கணவரின் பையில், சென்னை ரயிலில். சாவி வெளியே போனதும் கார் பீப் அடித்து, டேஷ்போர்டிலும் எழுதிக் காட்டியிருக்கும். ரயில் நிலைய இரைச்சலில் யார் கவனிப்பார்கள்? ஓடும் இன்ஜினைக் கார் தானாக நிறுத்தாது; நடுச்சாலையில் நிறுத்துவது அதைவிட ஆபத்து என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சூலூர் வரை கார் சமர்த்தாக ஓடும். வழியில் காய்கறி வாங்க ஓர் இடத்தில் அணைத்தால், அங்கேயே நிற்க வேண்டியதுதான். மறுபடி ஸ்டார்ட் ஆகாது, பூட்டவும் முடியாது.

இருக்கை மாறும்போது இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சாவி யாரிடம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

திரும்பிப் பார்க்காமல் பட்டனை அழுத்துவது

மண்டப வாசலில் காரை நிறுத்திவிட்டு, மொய்க் கவரை எடுத்துக்கொண்டு நடந்தபடியே தோளுக்குப் பின்னால் ரிமோட்டை நீட்டி அழுத்துகிறார்கள். ஸ்டைலாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் யாராவது அதே 433 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு கருவியால் இரைச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தால் உங்கள் கட்டளை காரைச் சேராது. திருடர்களின் பழைய தந்திரம் இது. இன்டிகேட்டர் மின்ன வேண்டும். பூட்டு விழும் ஓசை கேட்க வேண்டும். கண்ணாடி மடங்கும் காராக இருந்தால் மடங்க வேண்டும். அதன்பிறகு ஹேண்டிலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தொட்டாலே திறக்கும் ஹேண்டில் உள்ள கார்களில் சாவியோடு நீங்கள் இழுத்தால் திறந்துகொள்ளும். கூட வந்தவரை இழுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

வாசல் ஆணியில் சாவியை மாட்டுவது

கார் போர்ட்டிகோவில், சாவி அதற்குப் பின்னால் சுவர் ஆணியில். ஒருவன் காருக்குப் பக்கத்திலும் இன்னொருவன் உங்கள் வாசலிலும் கருவியோடு நின்றால், காரின் கேள்வியை வீட்டுக்குள் கடத்தி, சாவியைப் பதில் சொல்ல வைத்துவிடலாம். கதவு உடையாது, அலாரம் அடிக்காது. 2011-இல் சூரிச் நகர ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள், பத்தும் திறந்தன. அதன்பின் சில நிறுவனங்கள், சாவி அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும்படி செய்திருக்கின்றன. உங்கள் சாவி அப்படிப்பட்டதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

இல்லையென்றால் வீட்டின் உள்ளறையில், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். டிக்கியில் நம்மைக் கவிழ்த்த அதே உலோகம் இங்கே உதவும். டப்பாவைக் காரருகே கொண்டுபோய் ஹேண்டில் பட்டனை அழுத்திப் பாருங்கள். கார் திறந்தால் வேறு டப்பா பாருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: காருக்குப் பக்கத்திலேயே கிடக்கும் சாவியில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

வயர்லெஸ் சார்ஜர்மேல் சாவியை வைப்பது

வைக்காதீர்கள். சார்ஜர் வேலை செய்வதும் காரின் கேள்வி வருவதும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில்.

துணியோடு துவைத்த சாவியை அழுத்திப் பார்ப்பது

பேட்டரியைக் கழற்றுங்கள். நன்றாகக் காயட்டும். பிறகு பார்க்கலாம்.

பேட்டரி தீர்ந்ததும் கையைப் பிசைவது

பெரும்பாலான சாவிகளில் இருப்பது சிஆர் 2032 என்ற நாணய பேட்டரி, 3 வோல்ட்; கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தாலும் கார் திறக்கும், ஓடும். சாவிக் கூட்டுக்குள் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. அதற்கான துளை ஓட்டுநர் கதவில்தான் இருக்கும். சில கார்களில் ஹேண்டில் ஓரத்து மூடியை நெம்பி எடுத்தால்தான் தெரியும். அப்படித் திறக்கும்போது அலாரம் அலறலாம், ஓடிவிடாதீர்கள். உள்ளே உட்கார்ந்து, ஸ்மார்ட் கீயை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். கியர் கார் என்றால் கிளட்சையும். சாவிக்குள் இருக்கும் சில்லு, காரிலிருந்தே மின்சாரம் வாங்கிப் பதில் சொல்லும். சில மாடல்களில் ஒட்டிப் பிடிக்க வேண்டிய இடம் வேறு. கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

கொடிவேரிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கும் இந்த இரும்புச் சாவிதான் வழி. பேட்டரியைக் கழற்றிய ஸ்மார்ட் கீயைக் காருக்குள் பார்வை படாத இடத்தில் வைத்து, இரும்புச் சாவியால் கதவைப் பூட்டி, அதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்ளுங்கள். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் இப்படிப் பூட்டும்போது பல கார்களில் அலாரம் விழித்திருக்காது. நகையையும் பணத்தையும் உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

பழைய கார் விற்கும் ஆட்டோ கன்சல்டிங்கில் ஒரே சாவியோடு கார் வாங்குவது

"இன்னொன்று ஓனரிடம் இருக்கிறது, அடுத்த வாரம் தருகிறேன்" என்பார்கள். அந்த வாரம் வராது. இரண்டு சாவியும் மேஜைமேல் வந்தபிறகு முன்பணம் கொடுங்கள். வரவே வராது என்று தெரிந்தும் அந்தக் காரைத்தான் வாங்குவேன் என்றால், புதுச் சாவிக்கு ஆகும் செலவை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். புதுச் சாவியைப் பதியும் நாளில், கையில் இல்லாத பழைய சாவியைக் காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கியபின், இப்போது பதிவில் எத்தனை சாவி என்று ஸ்கேனர் திரையிலேயே காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பதும் அந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.