பஞ்சாங்கத்தைப் பார்த்துப் படம் வரைந்தேன்

வேலை போன பிறகு பதினொரு மாதம் தூரிகையைத் தொடவில்லை. எழுந்ததும் ஒரு ராசிபலன், படுக்கும் முன் இன்னொன்று. ஏழரைச் சனி எப்போது விலகும் என்று கணக்குப் போடுவதே பிழைப்பாகிவிட்டது. சனி ஒரு ராசியைக் கடக்கவே ஏறக்குறைய 2½ ஆண்டுகள் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

ஒருநாள் எரிச்சலில் சனியை விட்டுவிட்டுச் சந்திரனைப் பிடித்தேன். அது 27 நட்சத்திரங்களையும் சுமார் 27 நாளில் சுற்றிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம் உண்டு: அசுவினிக்குக் குதிரைத் தலை, ரோகிணிக்குத் தேர், திருவாதிரைக்குக் கண்ணீர்த்துளி. அன்றைய நட்சத்திரத்தின் உருவத்தைத் தபால் அட்டை அளவுக் காகிதத்தில் வரைவது. அவ்வளவுதான் வைத்தியம். எதை வரைவது என்ற திகைப்பு அதோடு ஒழிந்தது.

முதல் சுற்றுப் படங்கள் சகிக்கவில்லை. மிருகசீரிடத்து மான் அசல் ஆடு. அஸ்தத்துக்கு உருவம் கை; அன்று மட்டும் என் இடது கையையே பார்த்து வரைந்தேன். சுட்டுவிரலில் கத்தி கீறிய பழைய தழும்பு. அதற்கே அரை மணி நேரம் ஆனது. அதுவரை கைபேசியை ஒருமுறைகூட எடுக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கிரகங்கள் வேலை வாங்கித் தரும் என்று நான் நம்பவில்லை. தரவும் இல்லை. ராசிபலன் படிப்பது தானாக நின்றுபோனது. இப்போது மூன்றாவது சுற்று. நாளை மூலம், வேர்க்கட்டு வரைய வேண்டும். சென்ற முறை அது நூடுல்ஸ் மாதிரி வந்துவிட்டது.