மேற்குப் பார்த்த வீட்டுக்குப் போர்ச்சும் ஜன்னலும்: வெயிலைத் தடுத்து, காற்றை விடுவது எப்படி?

பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் இருக்கும் எங்கள் ஒற்றை மாடித் தெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று) மேற்குப் பார்த்தது. சாயங்காலம் நாலரைக்கு மேல் முன்கூடத்தில் உட்கார முடியாது, சோபாவைத் தொட்டாலே சுடும். போன வருடம் வாசல் முன்னால் இருக்கும் போர்ச்சை மாற்றினோம். முதல் தடவை தப்பாகப் போய், பாதியைக் கழற்றி மறுபடியும் செய்தோம். இப்போது அம்மா பழையபடி போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூக்கட்டுகிறார். இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்கள் எங்களைப் போல இரண்டு தடவை செலவழிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

அளவு நாடா, ஒரு துடைப்பக் கம்பு, சாக்கட்டி, ஊதுபத்தி. இவ்வளவுதான் வேண்டும். வெயில் போகும் பாதையைக் காட்டும் ஆப் இரண்டு மூன்றை நானும் போட்டுப் பார்த்தேன், ஆனால் எதிர்வீட்டு மாடியும் பக்கத்து வீட்டு மாமரமும் ஆப்புக்குத் தெரியாது. கம்பை நட்டு மணிக்கு ஒருமுறை நிழல் முனையைச் சாக்கட்டியால் குறித்தால் உங்கள் வாசலின் கதை அப்படியே தரையில் விழுந்துவிடும்.

படி 1: திசை

ஃபோனில் உள்ள திசைகாட்டியைக் கார் பக்கத்திலோ கிரில் பக்கத்திலோ வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு அதைத் தடுமாற வைக்கும். சாலைக்கு வந்து பாருங்கள். சரி, அடுத்தது.

படி 2: காற்று எந்தப் பக்கம் வருகிறது

எல்லா ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தியை ஒவ்வொரு ஜன்னலுக்கும் பக்கத்தில் பிடியுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை, குறைந்தது நாலைந்து நாள். எங்கள் வீட்டில் பகலில் புகை முன்ஜன்னலிலிருந்து உள்ளே போனது. நிலம் சூடேறியதும் கடல் பக்கமிருந்து காற்று வருகிறது, எங்களுக்குக் கடல் மேற்கே. அதாவது எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறதோ, அதே பக்கம்தான், அதே நேரத்தில்தான், காற்றும் வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பக்கத்தை மூடினால் வெயிலோடு காற்றையும் வெளியே நிறுத்திவிடுகிறோம்.

படி 3: கூரை எவ்வளவு நீட்ட வேண்டும்

என்னைத் தடுக்கி விழ வைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கட்டட வேலைக் குத்தகைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கேட் வரைக்கும் கண்ணாடி மாதிரியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அவ்னிங் (முன்கூரை) போட்டால் வெயில் பிரச்சினை தீர்ந்தது என்றார். நாங்களும் ஒத்துக்கொண்டோம். நடுப்பகல் வெயிலைத் தாண்டி நான் யோசிக்கவே இல்லை.

நம் கடிகாரத்தைப் பாருங்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா ஜிஎம்டி+8 நேரத்தில், அதாவது கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால், ஓடுகிறது. அது 120 பாகை தீர்க்கரேகைக்கு உரிய நேரம். பினாங்கு இருப்பதோ 100 பாகையில். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1:20க்கு. பிற்பகல் நாலு மணி என்று நாம் நினைப்பது சூரியனுக்கு இரண்டே முக்கால்கூட ஆகாத நேரம், ஏழு மணி வரை அடிக்கும்.

மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் நேர் மேற்கே இறங்கும். 4:20க்கு அது 45 பாகை உயரத்தில் இருக்கும், 5:20க்கு 30, 6:20க்கு 15. நாலு அடி உயர ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்க, ஜன்னல் மேல்விளிம்பு மட்டத்திலேயே கூரை போட்டாலும், 4:20க்கு 4 அடி நீளம் போதும், 5:20க்கு 7 அடி, 6:20க்கு ஏறக்குறைய 15 அடி வேண்டும். கூரை அதைவிட உயரமாக இருந்தால் இன்னும் கூடும். மேற்குச் சுவருக்குக் கூரையை நீட்டிக்கொண்டே போவது வீண் செலவு. தெற்குப் பார்த்த வீடு என்றால் கதையே வேறு, டிசம்பரில்கூட உச்சிவேளையில் சூரியன் 61 பாகை உயரத்தில் இருப்பதால் இரண்டரை அடி நீட்டினால் நடுப்பகல் வெயில் நாலடி ஜன்னலைத் தொடாது. வடக்குக்கு அதைவிடக் குறைவு.

அந்தப் பாலிகார்பனேட் எங்களுக்கு என்ன செய்தது என்றால், சூட்டை உள்ளே விட்டு, அதைக் கூரைக்கடியில் தேக்கி, கதவுக்கு மேலிருந்த காற்றோட்டத் துளை வழியாக வீட்டுக்குள் அனுப்பியது. அம்மா வெளியே வருவதை நிறுத்தினார். மூன்று மாதத்தில் கழற்றினோம்.

படி 4: சாய்வுப் பலகைத் திரை

இப்போது இருப்பது சுவரிலிருந்து 8 அடி நீளும் கூரை, அடியில் நுரை ஒட்டிய உலோகத் தகடு. மழைச் சத்தமும் குறைந்தது. அதன் முன்விளிம்புக்கு ஒன்றரை அடி உள்ளே சாய்வுப் பலகைகள் வைத்த திரை. பலகை 4 அங்குல அகலம், 45 பாகை சாய்வு, ஒரு பலகையின் மேல் விளிம்பிலிருந்து அடுத்ததன் மேல் விளிம்புக்கு 2.5 அங்குலம். மேல் பலகையின் கீழ் விளிம்பு, அடுத்த பலகையின் மேல் விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கவேண்டும், அப்போதுதான் ஆறரை மணி வெயிலும் நுழையாது, காற்று மட்டும் வரும். வெளிப்பக்க விளிம்பு கீழே இருக்கவேண்டும். முதல் சட்டத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள், மழைத்தண்ணீர் எல்லாம் உள்ளே வழிந்தது, நின்று பார்த்து மாட்ட வையுங்கள். திரை தரைவரை வர வேண்டாம், 3 அடி விட்டுவிடுங்கள், உட்கார்ந்திருப்பவர் மேல் காற்று படும். மேலே அரை அடி இடைவெளி விட்டால் சூடு வெளியேறும்.

சென்கால் என்ற உள்ளூர் வைர மரம் அழகுதான், விலை தாங்காது. மலிவான மரம் கறையானுக்குத்தான். நான் அலுமினியம் என்பேன். பணம் இல்லையா, மூங்கில் பிடாய் (சுருட்டும் தட்டித் திரை) வாங்கித் தொங்கவிடுங்கள், பூஞ்சை பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம், நிழல் நிழல்தான்.

தரையை மறக்காதீர்கள், 8 அடிக்கு ஓர் அங்குலம் வெளிப்பக்கம் சரிவு. கூரையை நீட்டுவதற்கு முன் உங்கள் ஊராட்சி மன்றத்தில் அனுமதியையும் எல்லை இடைவெளியையும் கேட்டுவிடுங்கள்.

படி 5: ஜன்னல், பின்பக்கம்

1984ஆம் ஆண்டின் சீர்க் கட்டடத் துணைச் சட்டங்கள் அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு ஜன்னலும், 5 விழுக்காடு தடையில்லாத திறப்பும் கேட்கின்றன. 10க்கு 12 அறை என்றால் 12 சதுர அடி ஜன்னல், 6 சதுர அடி திறப்பு. பக்கவாட்டில் நகரும் தள்ளு ஜன்னல் பாதிதான் திறக்கும், ஆக 12 சதுர அடி தள்ளு ஜன்னல் சரியாக விளிம்பில் நிற்கிறது. நான் பழைய நாக்கோவுக்கே (கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கும் ஜன்னல்) ஓட்டுப் போடுவேன், ஏறக்குறைய முழுதும் திறக்கும், தூறலில்கூடப் பாதி திறந்து வைக்கலாம். கிரில் கட்டாயம் வேண்டும், கண்ணாடியை எளிதாகக் கழற்றிவிடலாம்.

ஆனால் காற்று உள்ளே வர, வெளியே போக வழி வேண்டும். நம் தாமான்களில் (குடியிருப்புப் பேட்டைகளில்) சமையலறையைப் பின்சந்து வரை இழுத்துக் கட்டி, நடு அறை ஜன்னலைச் சுவரில் புதைத்துவிடுகிறோம். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் நடுவில் வானம் பார்த்த முற்றம் விட்டிருப்பது இதற்குத்தான், அஞ்சடியில் (கடைமுன் கூரையிட்ட நடைபாதையில்) நுழையும் காற்று அங்கே மேலே ஏறிவிடும். எங்களுக்கு முற்றத்துக்கு இடமில்லை. சமையலறைப் பின்சுவரில் கூரைக்குக் கீழே 4 அடி நீளத்துக்குக் காற்றோட்டக் கல் (துளையுள்ள கல்) வைத்தோம். அன்றைக்கே ஊதுபத்திப் புகை முன்கூடத்திலிருந்து சமையலறைவரை ஒரே கோடாகப் போனது, அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

பின்னர் சேர்த்தது: கொசுவலை போட்டதும் காற்று செத்துவிட்டது என்று ஒரு சகோதரி எழுதினார். உண்மைதான், வலை காற்றை நன்றாகவே குறைக்கும், ஆனால் டெங்கி இருக்கும் ஊரில் வலை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஜன்னலில் ஒட்டாமல் போர்ச் திரையின் உள்பக்கம் பெரிய பரப்பாகக் கட்டுங்கள், கீழே விட்ட 3 அடியையும் மேல் இடைவெளியையும் சேர்த்து. பரப்பு கூடினால் இழப்பு குறையும்.

இன்னொன்று: பட்டர்வொர்த் அண்ணன் ஒருவருக்கு விடியற்காலைச் சுமாத்ரா காற்றில் (சுமாத்ரா தீவுப் பக்கமிருந்து திடீரென வீசும் பலத்த காற்று) பிடாய் பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம். பிடாயின் அடிக்கம்பை இரண்டு பக்கமும் தரைக் கொக்கியில் கட்டுங்கள், இரவில் சுருட்டிவிடுவது இன்னும் நல்லது. அவ்னிங்கைக் காற்று அடியிலிருந்து தூக்கும், அதனால் திருகுகள் சாந்தில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று ஏணி போட்டு ஏறிப் பாருங்கள்.