ஊர்ப்புறக் குதிரைக் குழுவில் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி: ஃபோர்-எச் போட்டிகளும் பொறுப்புகளும்

மருத்துவமனை வேலையாகவோ கல்லூரி வேலையாகவோ அமெரிக்காவின் உட்பகுதிச் சிற்றூர் ஒன்றில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஒரு நாள் பள்ளியிலிருந்து திரும்பி வந்து, தன் தோழி குதிரை வைத்திருக்கிறாள், தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டால் பெற்றோர் முதலில் தேடுவது குதிரையின் விலையை. அதற்கு முன் அவர்கள் தேட வேண்டியது தங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதியின், வேளாண் விரிவாக்க அலுவலகத்தை. ஃபோர்-எச் என்ற இளையோர் அமைப்பின் குதிரைக் குழுக்கள் அந்த அலுவலகத்தின் வழியாகவே நடக்கின்றன. அலுவலகத்தில் கேட்டால், எந்தக் குழு எந்தக் கிழமை எந்தப் பண்ணையில் கூடுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

1902-ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய குழுவை இந்த அமைப்பின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணிக்கு நிதி வகுத்தபோது, இக்குழுக்களும் அந்தக் குடையின் கீழ் வந்தன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். நான்கு சிற்றிலைகள் கொண்ட, குளோவர் என்ற தீவனச்செடியின் பச்சை இலை அதன் சின்னம்.

குதிரை வாங்கும் முன்

பெரும்பாலான மாநிலங்களில் 8 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்கள் போட்டிகளில் கலந்துகொள்ளலாம். 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே வெற்றி தோல்வி கிடையாது, பங்கேற்பு மட்டுமே. வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், சேரும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குதிரை சொந்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. பக்கத்துப் பண்ணையாரிடம் குதிரையைக் குத்தகைக்கு எடுத்து, அதன் பராமரிப்பில் பிள்ளை உண்மையாகப் பங்கேற்றால் போதும் என்று பல மாநிலங்கள் ஏற்கின்றன. ஆனால் வசந்த காலத்தில் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் அந்தக் குதிரையைப் பிள்ளையின் பெயரில் பதிந்திருக்க வேண்டும்; போட்டிகள் நடக்கும் கோடைக் கவுண்டிச் சந்தைக்கு முந்தின வாரம் நன்கு பழக்கிய குதிரை ஒன்றைப் பணம் கொடுத்துக் கொண்டுவந்து பரிசைத் தட்டிச் செல்வதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. குதிரையே இல்லாத பிள்ளைகளுக்கென்று, குதிரையைப் பற்றிப் படித்தும் பிறர் குதிரையைப் பராமரித்தும் முடிக்கக்கூடிய பாடத்திட்டமும் சில மாநிலங்களில் உண்டு. முதல் ஆண்டை அப்படிக் கழிப்பதே நல்லது என்பது என் எண்ணம். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். குதிரை இரண்டு விதமாகவும் தின்னும். ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள குதிரை, நாளொன்றுக்குத் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வரை, அதாவது 7 முதல் 9 கிலோ உலர்புல் தின்னும். 20 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும். பிள்ளையின் ஆசை ஒரு பனிக்காலத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

முதல் நாளே வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குதிரையேற்றத்துக்கென்றே சோதித்துச் சான்றளிக்கப்பட்ட தலைக்கவசம். சைக்கிள் தலைக்கவசம் இதற்கு ஆகாது, ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். மற்றொன்று, குதிகால் உயர்ந்த காலணி. தட்டையான காலணி, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடிக்குள் வழுக்கி நுழைந்துவிட்டால், விழும் பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும் அபாயம் உண்டு.

களத்தில் நடப்பவை

போட்டி என்றதும் நம் கண்முன் வருவது வேகம். பீப்பாய்ப் பந்தயம் அப்படிப்பட்டதுதான்: முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களைச் சுற்றி மூவிலை வடிவில் ஓடித் திரும்ப வேண்டும். முதல் இரண்டு பீப்பாய்களுக்கு இடையே 90 அடி, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 105 அடி என்பது வழக்கமான அளவு. கம்பப் பந்தயத்தில் 21 அடி இடைவெளியில் நட்ட ஆறு கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் வர வேண்டும். கம்பம் ஒன்று சாய்ந்தால் 5 விநாடி கூடும். இவை பார்க்க அழகானவை, ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை இவற்றில் இறக்க அவசரப்பட வேண்டாம்.

தொடங்க வேண்டிய இடம், குதிரைமேல் ஏறாமலேயே நடக்கும் ஷோமேன்ஷிப் என்ற வகுப்பு. பிள்ளை குதிரையைக் கையில் பிடித்து நடத்தி வந்து, நடுவர் முன் நான்கு கால்களும் சதுரமாக ஊன்றும்படி நிறுத்தி, நடுவர் சுற்றிப் பார்க்கையில் அவருக்குக் குதிரை மறையாதபடி இடம் மாற வேண்டும். இங்கே மதிப்பிடப்படுவது குதிரையின் அழகன்று, அதை நடத்துபவரின் திறமை; ஆகவே இருபதாயிரம் டாலர் குதிரையும் எட்டு நூறு டாலர் குதிரையும் ஒரே வரிசையில் நிற்க முடிகிறது. விதி எளியது: குதிரையின் உடலை நீளவாக்கில் ஒரு கோட்டாலும், தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னே குறுக்குவாக்கில் ஒரு கோட்டாலும் நான்கு கால்பகுதிகளாகப் பிரித்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும். நடுவர் முன்பாதியில் இருந்தால் பிள்ளை அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். அவர் பின்பாதிக்குப் போனால் அவர் இருக்கும் பக்கத்துக்கே வர வேண்டும். பின்பாதிக் கணக்குக்குக் காரணம் பாதுகாப்பு: குதிரை மிரண்டால், பிள்ளை அதன் தலையைத் தன் பக்கம் இழுத்தவுடன் அதன் பின்புறம் நடுவரைவிட்டு விலகிப் போகும். இந்தக் காரணத்தை விளக்காமல் "இங்கே நில், அங்கே நில்" என்று மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் நடுவர் எதிர்பாராத திசையில் நகர்ந்தால் தடுமாறிவிடுகிறார்கள். வீட்டு முற்றத்தில், குதிரைக்குப் பதிலாக ஒரு பெஞ்சைப் போட்டு, அப்பா நடுவராகச் சுற்றி வந்தாலே இதைப் பழகிவிடலாம். கயிற்றின் மிச்சத்தைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதையும் அப்போதே பழக்குங்கள். மடித்துப் பிடிக்கலாம், சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும்.

கவுண்டிச் சந்தைக்குப் புறப்படும் முன் கால்நடை மருத்துவரிடம் காகின்ஸ் பரிசோதனைச் சான்று வாங்கிவிட வேண்டும். கடிக்கும் ஈக்களால் பரவும் குதிரைத் தொற்றுச் சோகை நோய்க்கான இரத்தப் பரிசோதனை அது. அந்த நோய்க்கு அங்கே தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை என்பதால் இதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. சான்று இல்லாத குதிரையை வண்டியிலிருந்து இறக்கவே விட மாட்டார்கள்.

நாடா நிறங்கள் நம்மவர்களைக் குழப்பும். அமெரிக்காவில் முதலிடத்துக்கு நீலம், இரண்டாம் இடத்துக்குச் சிவப்பு. ஆனால் ஃபோர்-எச் நிகழ்ச்சிகள் பலவற்றில் டேனிஷ் முறை என்ற ஒன்று உண்டு: பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல் வகுத்துவைத்த தரத்தோடு ஒப்பிட்டு, சிறப்பாகச் செய்த அனைவருக்கும் நீலமும், அடுத்த நிலையினருக்குச் சிவப்பும், அதற்கடுத்தவர்களுக்கு வெள்ளையும் தருவார்கள். எனவே பிள்ளை நீல நாடாவோடு வந்தால் முதலிடமா என்று கேட்பதை விட்டு, நடுவர் மதிப்பெண் தாளில் என்ன எழுதினார் என்று கேளுங்கள்.

சேணமே தேவைப்படாத போட்டிகள்

ஊர்ப்புறத்துப் பிள்ளைகளை மாநில அளவுக்கும், அதைத் தாண்டிக் கென்டக்கியின் லூயிவில் நகரிலும் கொலராடோவின் டென்வர் நகரிலும் நடக்கும் தேசியக் கூடல்களுக்கும் கொண்டுசெல்லும் வழி பெரும்பாலும் குதிரையில் ஏறாமலே நடக்கும் போட்டிகள்தான், ஆயினும் புதிய பெற்றோர் இவற்றைக் கவனிப்பதே இல்லை. மணியழுத்தி விடை சொல்லும் குதிரை வினாடி வினா உண்டு. எலும்புகளையும் தீவன விதைகளையும் கருவிகளையும் பார்த்து அடையாளம் சொல்லும் ஹிப்பாலஜி உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளின் மனப்பாடத் திறனுக்கு இவை நன்றாகப் பொருந்தும்.

அவற்றைவிட மேலானதாக நான் கருதுவது குதிரை மதிப்பீட்டுப் போட்டியை. நான்கு குதிரைகளை எண்ணிட்டு நிறுத்துவார்கள். பிள்ளை அவற்றைத் தரவரிசைப்படுத்தி அட்டையில் எழுத வேண்டும், அதற்கு 50 மதிப்பெண். பிறகு தனியறையில் ஒரு நடுவர் முன் நின்று, தான் ஏன் அப்படி வரிசைப்படுத்தினேன் என்பதை இரண்டு நிமிடத்துக்குள் வாய்மொழியாக விளக்க வேண்டும், அதற்கும் 50. அந்த விளக்கத்துக்கு ஒரு மரபு உண்டு. "மூன்றாம் குதிரையை ஒன்றாம் குதிரைக்கு முன் வைத்தேன், ஏனெனில் அதன் தோள் நன்கு சாய்ந்தது, முதுகு குட்டையானது" என்று சொன்ன கையோடு, "ஒன்றாம் குதிரையின் பின்தொடைத் தசை இதைவிடத் திரட்சியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்றும் சொல்ல வேண்டும். தான் பின்தள்ளியதன் சிறப்பை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அதன் பின்னும் தன் முடிவில் நிற்கப் பன்னிரண்டு வயதிலேயே பழகும் பிள்ளைக்குக் குழுக்கூட்டத்தின் தலைமை நாற்காலி தானே தேடி வரும்.

கூட்டமும் பதவிகளும்

குழு பெரும்பாலும் மாதம் ஒரு முறை கூடும். கூட்டத்தை நடத்துபவர்கள் பெரியவர்கள் அல்லர். பிள்ளைகளே தேர்ந்தெடுத்த தலைவர், துணைத்தலைவர், செயலர், பொருளாளர், செய்தியாளர் ஆகியோர். பின்புலம் சரிபார்க்கப்பட்ட பெரியவர்கள் ஓரமாக அமர்ந்திருப்பார்கள். தலைவர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் கூட்டம் தொடங்கியது, மூன்று தட்டினால் எல்லோரும் எழ வேண்டும், ஒரு தட்டு என்றால் உட்காரலாம் அல்லது ஒரு பொருள் முடிந்தது. ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்த பிறகே விவாதம் தொடங்கும். விவாதம் நடக்கையில் தலைவர் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டிக்கு நாற்பது டாலர் செலவிடலாமா என்பதற்கு இத்தனை சடங்கா என்று முதல் கூட்டத்தில் சிரிப்பு வரும்; ஊரின் தீயணைப்புக் குழுவிலும் பள்ளி வாரியத்திலும் பின்னாளில் அமரப்போகிறவர்கள் இங்கேதான் பேசப் பழகுகிறார்கள்.

எந்தப் பதவிக்கு நிற்பது? தலைவர் பதவி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பது செயலர் பதவியை. வருகைப் பெயர்களை வாசிக்க வேண்டியிருப்பதால் இரண்டே மாதங்களில் எல்லோருடைய பெயரும் முகமும் மனத்தில் பதிந்துவிடும். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதால் முன்மொழிந்தது யார், வாக்கு எப்படிப் போனது, சென்ற ஆண்டு என்ன முடிவாயிற்று என்பவை கைவசம் இருக்கும். அடுத்த ஆண்டு அதே பிள்ளை எழுந்து நின்று, "இதை நாம் மார்ச் மாதமே முடிவு செய்துவிட்டோம்" என்று சொல்லும்போது அதற்குக் கிடைக்கும் மரியாதை தானாக வந்ததாக இருக்கும். கணக்கில் ஒழுங்குள்ள பிள்ளைக்குப் பொருளாளர் பதவி ஏற்றது. ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பைச் சொல்லவும், ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கைக்கு ஏட்டைக் காட்டவும் வேண்டியிருக்கும். அந்த ஏட்டை அப்பாவோ அம்மாவோ எழுதிக்கொடுத்துவிட்டால் அது உடனே தெரிந்துவிடும், பிள்ளைக்கு வெட்கமாகவும் போய்விடும்.

பதவி இல்லாமலும் தலைமை உண்டு. சந்தை வாரத்தில் லாயத்தின் தூய்மைக்குத் தனிப் பரிசு தரும் வழக்கம் பல கவுண்டிகளில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குச் சாணம் அள்ளும் முறைப்பட்டியலைப் போட்டு, வராதவனைச் சண்டையில்லாமல் வரவைக்கும் பதினைந்து வயதுப் பெண்ணைத்தான் அடுத்த ஆண்டு குழு தேர்ந்தெடுக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதுக்குப் பிறகு இளையோர் வழிகாட்டி என்ற பொறுப்பு கிடைக்கும்: சிறு குழந்தைகளுக்குக் குளம்பு சுத்தம் செய்யக் கற்றுக்கொடுப்பது, நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டிய குதிரை நாடியைத் தாடையின் கீழே தொட்டுக் காட்டுவது, களத்தின் வாயிலில் நின்று வரிசையை ஒழுங்கு செய்வது. அங்கிருந்து கவுண்டிக் குழுவுக்கும், மாநில மன்றத்துக்கும், அட்லாண்டாவில் நடக்கும் தேசிய மாநாட்டுக்கும் செல்லும் படிகள் உள்ளன. அந்தத் தேர்வுகளுக்கெல்லாம் அடிப்படை பதிவேடு. தீவனச் செலவு, சவாரி செய்த மணி நேரம், கற்பித்த பாடங்கள், வகித்த பொறுப்புகள் ஆகியவற்றை நடந்த வாரத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதிய பதிவேட்டில் எல்லா மாதத்துக்கும் ஒரே மை, ஒரே தீவனச் செலவு.

பல மாநிலங்களில் ஃபோர்-எச் ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது, பதவித் தேர்தலும் அதையொட்டியே வரும். ஆகவே செப்டம்பர் மாதத்திலேயே அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, பார்வையாளராக வரலாமா என்று கேளுங்கள். முதல் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளை கேட்க வேண்டியவை மூன்று: சவாரிப் பயிற்சிக்குக் குதிரை இரவல் தருபவர் யாராவது உண்டா, மதிப்பீட்டு அணிக்குப் பயிற்சி தருபவர் யார், அடுத்த தேர்தல் எப்போது. இவற்றைப் பிள்ளையே எழுந்து கேட்கட்டும். பெற்றோர் பின்வரிசையில், மற்றப் பெற்றோரோடு, காப்பிக் குவளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கலாம்.