நீண்ட ஓட்டத்துக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள் இருக்கையைத் தெரிவுசெய்தல்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கோ, மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவுக்கோ அடிக்கடி ஓடுபவர்கள், புதிய இருக்கை வாங்கும்போது மென்மையையே முதலில் தேடுகிறார்கள். மிக மென்மையான ஸ்பொஞ்ச் உடற்பாரத்தில் விரைவாக அமிழ்ந்து, அடித்தட்டின் கடினத்தை நேராக இடுப்பெலும்புக்குக் கொடுத்துவிடும். ஆகையால் கையால் அமத்தும்போது சற்று இறுக்கமாகத் தோன்றும், அடர்த்தி கூடிய ஸ்பொஞ்சே நெடுந்தூரத்துக்கு உகந்தது.

அதைவிட முக்கியமானது வடிவம். பின்பகுதி இடுப்பின் இரு பக்கத்து எலும்புகளையும் முழுமையாகத் தாங்கும் அகலமும், முன்பகுதி கால்கள் தடையின்றி நிலத்தை எட்டும் ஒடுக்கமும் கொண்டிருக்க வேண்டும். முன்னோக்கிச் சரிந்த இருக்கை பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் உங்களைப் பெற்றோல் தாங்கியை நோக்கித் தள்ளும். இருக்கை சற்று உயர்ந்தால் முழங்கால் மடிப்புக் குறைந்து ஆறுதல் கிடைக்கும். எனினும் கிரவல் வீதியில் நிறுத்தும்போது கால் உறுதியாக ஊன்றுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜெல் வைத்த இருக்கைகளைப் பலர் புகழ்கிறார்கள். வன்னி வெயிலில் நிறுத்திவைத்தால் அது வெப்பத்தை வாங்கி நெடுநேரம் வைத்திருக்கும் என்பதால், காற்றோட்டமுள்ள வலை உறையை நான் விரும்புவேன். மாரி மழைக்கு, உட்காரும் இடத்தில் தையல் இல்லாத உறை நல்லது.

அடித்தட்டும் பூட்டும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாவிட்டால், பழைய இருக்கையையே குசன் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துத் திருத்துவிக்கலாம். எதுவாயினும், பணம் கொடுப்பதற்கு முன் வண்டியோட்டும் நிலையில் அரை மணி நேரமாவது அதில் உட்கார்ந்து பாருங்கள்.