படைப்பாற்றல் மிக்க நடுக்கள வீரரை மதிப்பிடுவது எப்படி?

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் உதைபந்தாட்ட ரசிகர்கள் கூடினால், 'கோலும் அடிக்கவில்லை, கோலுக்கு வழியும் அமைக்கவில்லை' என்பதே நடுக்கள வீரர்மீது வைக்கப்படும் முதற் குற்றச்சாட்டாக இருக்கும். அந்தக் கணக்கைச் சற்று ஒதுக்கிவிட்டு, பத்து நிமிடங்களுக்குப் பந்தை விட்டு அவரை மட்டும் பாருங்கள்.

பந்து வருமுன் தோளுக்கு மேலாகத் திரும்பி எதிரணியினர் நிற்கும் இடங்களை அறிந்துகொள்கிறாரா, அவர்களின் நடுக்கள வரிசைக்கும் தற்காப்பு வரிசைக்கும் இடையிலுள்ள வெளியில் உடலைப் பக்கவாட்டாகத் திருப்பி நின்று பந்தை வாங்குகிறாரா என்பவற்றைக் கவனியுங்கள். முதல் தொடுகையிலேயே முன்னோக்கித் திரும்புபவருக்கும், வந்த திசைக்கே பந்தைத் திருப்பி அனுப்புபவருக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் வெளிப்படும். ஆயினும் பின்னோக்கிய பாஸ் எல்லாம் கோழைத்தனம் அல்ல. எதிரணியை முன்னே இழுத்து, அதன் முதுகுக்குப் பின்னால் இடம் உண்டாக்குவதற்காகவும் அது தரப்படுகிறது.

ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2011 இறுதியாட்டத்தின் முதற் கோலை மீண்டும் பாருங்கள். பந்தை முன்னே கொண்டுவந்த பார்சிலோனாவின் நடுக்கள வீரர் சாவி, முன்கள வீரர் பெட்ரோ ஒதுங்கி இடம்பிடிக்கும் வரை அவசரப்படாமல் காத்திருந்தே அதை அளித்தார். மன்செஸ்டர் யுனைட்டெட்டை பார்சிலோனா 3-1 என வென்றது.

முன்னே ஓடுபவர்கள் இல்லாத அணியில் பாஸ் கொடுப்பவரைக் குறைசொல்வது, என் பார்வையில், நியாயமன்று. ஆதலால் வாதிடுமுன், அவர் பந்தை வாங்கிய வேளையில் எத்தனை பேர் இடம் தேடி ஓடினார்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.