தீவுக் கதை படிக்கும்போது பக்கத்தில் ஒரு பென்சில்

தீவில் நடக்கும் நாவலில் பாதியில் குழம்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எது எந்தப் பக்கம் என்று மனத்தில் பதியாதது. ஓர் ஏ4 தாளில் கரைக்கோட்டை வரைந்துகொள்ளுங்கள். பேனா வேண்டாம், இரண்டு அத்தியாயம் போனதும் அழிக்க வேண்டிவரும். முதலில் வடக்கைக் குறியுங்கள். பிறகு படகுத்துறை, நன்னீர், மேடு, காற்று மோதும் கரை. பரப்பை ஊகிக்க நம் சிங்கப்பூர்த் தீவு ஒன்றின் அளவே போதும்: புலாவ் உபின் சுமார் 10 சதுர கிலோமீட்டர். கடல் மைல் என்று வந்தால் 1.85ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் கிடைக்கும்.

நம் தென் தீவுகளைப் பற்றிய பழைய கதையென்றால் இன்றைய வரைபடம் காலை வாரிவிடும். செந்தோசா அன்று புலாவ் பிளாக்காங் மாத்தி. இன்றைய ஜூரோங் தீவோ, ஏழு தீவுகளுக்கு இடையிலான கடலைத் தூர்த்து இணைத்தது. கதைக் காலத்து வரைபடத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடலாம். பழைய பெயரையும் கொடுத்துத் தேடுங்கள்.

நூலகப் புத்தகமென்றால் வரைந்த தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். புத்தகத்தோடு அதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது சர்வசாதாரணம்.